கௌதாரியின் வலது சுவர்

செப்டம்பர் 10, ஞாயிறு

இன்று எனக்கு ஒரு சுவர் கொடுத்தார்கள்.

இப்படி எழுதி வைத்தால் பிறகு படிக்கும்போது எனக்கே புரியாது. 'நீலத்துக்கு வெளியே' என்று ஒரு படம். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு வந்து, ஒரே வாரத்தில் தியேட்டரை விட்டுப் போனது. அதில் வரும் விண்கலத்தின் பெயர் கௌதாரி. அந்தப் படத்தை உயிராக நினைக்கிறவர்கள் உலகத்திலேயே இருநூறு பேர் இருக்கலாம். அவர்களில் நான்கு பேர் திருப்பூரில் இருக்கிறோம். கௌதாரியின் கட்டுப்பாட்டு அறையை, படத்தில் இருந்த அதே அளவில், பிளைவுட்டில் கட்டிக்கொண்டிருக்கிறோம். மயில்சாமி அண்ணாவின் மச்சானுக்கு ஒரு நிட்டிங் ஷெட் காலியாகக் கிடக்கிறது. பொங்கல் முடிந்ததும் அங்கே மெஷின்கள் இறங்கும். அதுவரை அது எங்கள் விண்வெளி.

மயில்சாமி அண்ணா பனியனுக்குப் பிரிண்டிங் போடும் பட்டறை வைத்திருக்கிறார். எங்களுக்குத் தலைவர் அவர்தான். ஜெசிந்தா டீச்சர் பள்ளியில் பௌதிகம் நடத்துகிறார். ரஃபீக் தையல் மெஷின் மோட்டார் பழுது பார்ப்பவர்; விளக்கு, வயர் எல்லாம் அவர் பொறுப்பு. நான் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் சாம்பிள் செக்‌ஷனில் அளவு பார்க்கிறேன். ஜூன் மாதம் இவர்களோடு சேர்ந்தேன். இதுவரை உப்புத்தாள் வைத்துத் தேய்த்ததுதான் என் வேலை. அது எனக்குப் பிடித்திருந்தது. தேய்க்கும்போது யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள்.

இடது சுவர் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. "வலது சுவரை யாரு வரையறது?" என்று மயில்சாமி அண்ணா கேட்டார். என் பக்கம் திரும்பினார்.

"அம்மிணி, நீ அளவு பாக்கற வேலைலதான இருக்கற?"

"ஆமாங்ணா."

"அப்ப அது உன்றது."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மட்டும் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை போறேன் இல்லீங்மா, அது ஒரு செட்டு போடறதுக்கு. அதுல ஒரு பக்கம் முழுசா என்ற பொறுப்பு."

"எத்தன பீஸ் செட்டு?" என்றார் அம்மா. பனியன் கம்பெனியில் பதினாறு வருடமாக செக்கிங்கில் இருப்பவர். செட் என்றால் அவருக்கு மேல்சட்டையும் கால்சட்டையும்தான்.

நான் விளக்கவில்லை. ஒரே பீஸ் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 17, ஞாயிறு

வலது சுவர் படத்தில் ஒரே ஒரு காட்சியில்தான் வருகிறது. எரிபொருளைத் துண்டிப்பதற்காகக் கேப்டன் அங்கே ஓடுகிறார். கூடவே இரண்டு பேர். மூன்று நிமிடம்கூட இருக்காது.

இடது சுவரில் ஒவ்வொரு சுவிட்சுக்குக் கீழேயும் காற்று, வெப்பம், திசை, அவசரம் என்று தமிழில் பெயர்ப்பலகை உண்டு. வலது சுவரில் பலகைகள் இருக்கின்றன, எழுத்துகள் இல்லை. ரசிகர்கள் அதைப் 'பெயரில்லாத சுவர்' என்பார்கள். கப்பலில் ஒரு துரோகி இருப்பது கேப்டனுக்கு முன்பே தெரியும், அதனால்தான் பெயர்களைச் சுரண்டி எடுத்துவிட்டார் என்று மயில்சாமி அண்ணா பல வருடங்களுக்கு முன்பு இணையத்தில் ஒரு நீளமான கட்டுரை எழுதினார். எங்கள் இருநூறு பேருக்கும் அது மனப்பாடம். நான் இந்தக் குழுவுக்கு வந்ததே அந்தக் கட்டுரையைப் படித்துத்தான்.

சிக்கல் என்னவென்றால் அந்தக் காட்சியில் அளவு தெரிந்த பொருள் ஒன்றுமே இல்லை. கேப்டன் தொப்பி போட்டிருக்கிறார், கையுறை போட்டிருக்கிறார், தடித்த அடிப்பாகம் வைத்த ஷூ போட்டிருக்கிறார். அவர் உயரத்தை நம்ப முடியாது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் ஒரு யோசனை வந்தது. அவர் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கும்போது சட்டைப் பட்டன்கள் தெளிவாகத் தெரிகின்றன. ஆண்கள் சட்டையில் வழக்கமாக வைப்பது பதினெட்டு லைன் அளவுப் பட்டன். என் டிராயரில் டப்பா டப்பாவாக இருக்கிறது. அதன் அகலம் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். பட்டனை வைத்துப் பக்கத்துச் சுவிட்சை அளந்தேன். சுவிட்சை வைத்துப் பலகையை, பலகையை வைத்துக் குழாயை, குழாயை வைத்துச் சுவரை.

நேற்று மாலை கணக்குப் போட்டு முடித்தபோது சுவரின் உயரம் ஏழேகால் அடி வந்தது. இடது சுவரின் உயரமும் ஏழேகால் அடி. அதை நான் பார்த்து எழுதவில்லை, தானாக வந்தது.

அக்டோபர் 1, ஞாயிறு

கட்டிங் செக்‌ஷனில் துணி வெட்டுவதற்கு அளவு வரையும் மார்க்கர் பேப்பர் ரோலில் கடைசியில் மிஞ்சுவதைக் கேட்டு வாங்கி, சுவரை முழு அளவில் வரைந்து கொண்டுபோனேன். ஷெட் தரையில் விரித்தோம். நான்கு மூலையிலும் பெயிண்ட் டப்பா வைத்தோம்.

மயில்சாமி அண்ணா குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார். ஓரமாக நகர்ந்து நகர்ந்து பார்த்தார். மூன்றாவது விளக்குக்குப் பக்கத்தில் பெயிண்ட் பெயர்ந்து பிறை மாதிரி ஒரு தழும்பு இருக்கும். அதையும் வரைந்திருந்தேன். அதில் விரலை வைத்தார்.

"இதைக்கூட விடல."

"படத்துல இருக்குதுங்ணா."

"இருக்குது. எனக்கும் தெரியும். ஆனா நான் விட்டிருப்பேன்."

ரஃபீக், "பட்டனை வெச்சுக் கப்பலை அளந்த ஊரு நம்முளுதுதாங்ணா, வேற எவனுக்கு இந்தப் புத்தி வரும்" என்றார். டீச்சர் சுவரின் நீளத்தை ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு, என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. திரும்பும்போது இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கினேன். வெயிலில் தூங்கிவிட்டேன் போலிருக்கிறது.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. காலையில் கம்பெனியில் பூஜை முடிந்ததும் ஷெட்டுக்குப் போனேன். மயில்சாமி அண்ணா பொரி, கடலை, பூசணிக்காயோடு வந்திருந்தார். டிரில்லிங் மெஷினுக்குச் சந்தனம் வைத்தார், ரம்பத்துக்கு வைத்தார், ஸ்க்ரூ டப்பாவுக்கு வைத்தார். பிறகு கௌதாரியின் முன்னால் குங்குமத்தோடு நின்று யோசித்தார்.

"ஏனுங்ணா நின்னுட்டீங்க?" என்றார் ரஃபீக்.

"படத்துல பொட்டு இல்லையே."

"வெக்காம விட்டா?"

"அதெப்படி வெக்காம விடறது?"

கால் மணி நேரம் இதைப் பற்றியே பேச்சு. கடைசியில் டீச்சர்தான் தீர்த்து வைத்தார். சுவர்களின் பின்பக்கம், சட்டம் அடித்த இடத்தில் வைத்தார்கள். காமிரா பார்க்காத பக்கம் நம்முடையது என்றார் டீச்சர். என் சுவருக்கு இப்போது எலும்புக்கூடு மட்டும்தான் இருக்கிறது. அதற்கும் ஒரு பொட்டு கிடைத்தது. ரஃபீக் பொரி தின்றுகொண்டே பூசணிக்காயை எங்கே உடைப்பது என்று கேட்டார். விண்வெளியில் எந்தப் பக்கம் வாசல் என்று யாருக்கும் தெரியவில்லை.

நவம்பர் 3, வெள்ளி

தீபாவளி ஷிப்மென்ட். நிற்க நேரமில்லை. ஆனாலும் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. இன்று காலர் பனியன் சாம்பிள் ஒன்று வந்தது. ஆண்களுக்கானது. அளவெல்லாம் சரி. கையில் வைத்துக்கொண்டே இருந்தேன், என்னவோ சரியில்லை. பிறகுதான் பிடிபட்டது. பட்டன் பட்டியில் வலது பக்கம் இடதுக்கு மேலே வந்திருந்தது. ஆண்களுக்கு இடதுதான் மேலே வரவேண்டும். வலது மேலே வந்தால் அது பெண்கள் சட்டை. கட்டிங்குக்குப் போகும் முன்பே பிடித்ததால் மேனேஜர் எல்லார் முன்னாலும் என் பெயரைச் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டேன்.

இதை அப்பாவிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். 'என்ற பொண்ணு கணக்குல டிகிரி' என்று அப்பா எல்லாரிடமும் சொல்வார். என்ன வேலை என்று கேட்டால் 'ஆபீஸ்' என்பார். அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றுவார். அயர்னிங் டேபிளில் நாள் முழுக்க நிற்கிற மனிதர் அவர்; நான் நாள் முழுக்க என்ன செய்கிறேன் என்று அவருக்குக் காட்ட என்னிடம் ஒன்றுமே இருந்ததில்லை. நான் போனபோது தூங்கிவிட்டிருந்தார்.

நவம்பர் 5, ஞாயிறு

ஷெட்டுக்குப் போகவில்லை. தலைவலி.

வீட்டில் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் போட்டுப் பார்த்தேன். ஒரு குழாய் வளைவு சந்தேகமாக இருந்தது, அதற்காகத்தான். கேப்டன் சாய்ந்து நிற்கிறார். பட்டன்கள். எத்தனை தடவை அளந்திருப்பேன்.

கேப்டன் சட்டையில் வலதுதான் மேலே இருக்கிறது.

நவம்பர் 8, புதன்

அந்தக் காலத்துச் சினிமா டெய்லர்கள் அவசரத்தில் தைத்திருப்பார்கள். துணை நடிகர்கள் இரண்டு பேருக்கும் அப்படியே தைத்துவிட்டார்கள். நடப்பதுதான்.

மற்ற காட்சிகளில் அதே மூன்று பேருக்கும் இடதுதான் மேலே வருகிறது. வேறு சட்டையாக இருக்கும்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. அம்மா முறுக்குப் பிழியும்போது கேட்டேன்.

"ஏம்மா, ஆம்பளச் சட்டைக்குப் பட்டியை மாத்தித் தெச்சு வருமா?"

"வருமே. எத்தன பீஸ்?"

"மூணு."

"மொத்தம் எத்தன?"

"மொத்தமே மூணுதாங்மா."

"மூணுக்கு மூணும் அப்படின்னா அது தப்பில்ல கண்ணு. ஆர்டரே அப்படித்தான் குடுத்திருப்பாங்க."

எவ்வளவு நிம்மதியாக இருந்தது. ஆர்டரே அப்படி. எட்டு முறுக்கு தின்றேன்.

நவம்பர் 19, ஞாயிறு

சுவர் நின்றுவிட்டது.

நான்கு பேரும் சேர்ந்து தூக்கி நிறுத்தினோம். பெயிண்ட் காய்ந்து பளபளவென்று இருந்தது. இடதும் வலதும் எதிரெதிரே. நடுவில் கேப்டன் நாற்காலி. முதல் தடவையாக அது ஷெட்டாகத் தெரியவில்லை. ரஃபீக் விசில் அடித்தார். மயில்சாமி அண்ணா நாற்காலியில் போய் உட்கார்ந்து, கையை இரண்டு பக்கமும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

நான் நடுவில் நின்று இரண்டு சுவர்களையும் பார்த்தேன். இடது சுவரில் மூன்றாவது விளக்குக்குப் பக்கத்தில் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு. அது ரஃபீக் செதுக்கியது. வலது சுவரில் மூன்றாவது விளக்குக்குப் பக்கத்தில் பிறை வடிவத்தில் ஒரு தழும்பு. அது நான் செதுக்கியது. ரஃபீக்கும் நானும் தனித்தனியாகப் படத்தைப் பார்த்து, ஒரு மில்லிமீட்டர்கூட விடாமல் நகல் எடுத்திருக்கிறோம். இரண்டு தழும்புகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன, கண்ணாடியில் பார்ப்பதைப் போல.

பெயிண்ட் அப்படி இரண்டு தடவை பெயராது.

வலது சுவர் என்று ஒன்று இருந்ததே இல்லை. அவர்கள் ஒரு சுவர்தான் கட்டியிருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் காமிராவும் ஆட்களும் நின்றிருக்கிறார்கள். வலது பக்கம் வேண்டும் என்றபோது விளக்கை மாற்றி, இரண்டு குழாயைச் சேர்த்து, இடது சுவரையே மறுபடி எடுத்து, பிலிமை இடவலம் மாற்றிப் போட்டுவிட்டார்கள். எழுத்து இருந்தால் திரும்பித் தெரியும் என்பதால் பலகைகளை மூடிவிட்டார்கள். சட்டையை யாரும் யோசிக்கவில்லை. துரோகி இல்லை, ரகசியம் இல்லை.

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ரஃபீக் டீ கொடுத்தார். குடித்துவிட்டேன்.

நவம்பர் 26, ஞாயிறு

ஜனவரி ஏழாம் தேதி திறப்பு என்று முடிவாகிவிட்டது. சென்னையிலிருந்து பதினைந்து பேர், நாகர்கோவிலிலிருந்து ஒரு குடும்பம், பெங்களூரிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். எல்லாரும் முதலில் பார்க்க விரும்புவது பெயரில்லாத சுவரைத்தான் என்று மயில்சாமி அண்ணா போனில் படித்துக் காட்டினார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இன்று வலது சுவருக்கு இரண்டாவது கோட் பெயிண்ட் அடித்தேன். நன்றாக அடித்தேன்.

நவம்பர் 29, புதன்

சுவரில் எதையும் பசை போட்டு ஒட்டவில்லை. எல்லாம் ஸ்க்ரூதான். பிரிப்பதென்றால் இப்போதுகூடப் பிரிக்கலாம். சும்மா எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 3, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மயில்சாமி அண்ணா தன் பட்டறையில் ஒரு பலகை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். கௌதாரியின் பெயர்ப்பலகைகளில் இருக்கும் அதே எழுத்து, அதே மஞ்சள். 'வலது சுவர்: கோகிலவாணி' என்று இருந்தது. சுவருக்குப் பின்னால், பொட்டு வைத்த இடத்துக்குப் பக்கத்தில் அடிக்கலாம் என்றார். என் பெயர் அந்த எழுத்தில் அவ்வளவு அழகாக இருந்தது. டீச்சர் ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தார். "உன் பேரு, நீயே அடி."

"அண்ணா" என்றேன்.

"சொல்லு அம்மிணி."

"கேப்டன் போட்டிருக்கறது பொம்பளைச் சட்டைங்ணா."

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு ரஃபீக் சிரிக்க ஆரம்பித்தார். "அவசரத்துல வீட்டுக்காரம்மா சட்டையை மாட்டிட்டு வந்துட்டாராட்ட இருக்குதுங்ணா. கப்பல் கௌம்பற நேரத்துல எதுன்னு பாக்கறது." டீச்சரும் சிரித்தார். நானும் சிரித்திருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும்.

லேப்டாப்பைத் திறந்தேன். காட்சியை நிறுத்தி, பட்டியைக் காட்டினேன். படத்தை இடவலம் திருப்பினேன். சட்டை சரியாகிவிட்டது. பக்கத்திலேயே இடது சுவரின் படத்தை வைத்தேன். பிறை இருந்த இடத்தில் பிறை இருந்தது. விளக்கின் ஓரத்தில் வழிந்த பெயிண்ட் இருந்த இடத்தில் வழிந்த பெயிண்ட் இருந்தது. 

ரஃபீக் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

மயில்சாமி அண்ணா திரையை வெகுநேரம் பார்த்தார். "எப்ப தெரியும்?"

"ரெண்டு வாரத்துக்கு முன்னால உறுதியாச்சுங்ணா. அதுக்கு முன்னாலயே சந்தேகம்."

"ரெண்டு வாரமா பெயிண்ட் அடிச்சியா?"

"ஆமாங்ணா."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "நான் பன்னெண்டு வருசமா அடிச்சிருக்கறேன்" என்றார். அந்தக் கட்டுரையைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. எழுந்து வெளியே போய்விட்டார். வண்டியை ஸ்டார்ட் செய்யும் சத்தம் கேட்டது.

"சட்டையை எவன் பாக்கப் போறான்" என்றார் ரஃபீக், மெதுவாக. "இருந்துட்டுப் போவட்டுமே. கதைல கப்பலுக்கு வலது பக்கம் உண்டுதான?"

டீச்சர், "நாம கட்டறது கதைல வர்ற கப்பலையா, அந்தப் படக்காரங்க வேர்வை சிந்திக் கட்டின செட்டையா, அதை மொதல்ல முடிவு பண்ணணும்" என்றார்.

பலகை நாற்காலியின் மேல் இருந்தது. எடுத்து வரவில்லை.

டிசம்பர் 6, புதன்

யாரிடமிருந்தும் போன் இல்லை. கம்பெனியில் ஸ்டாக் கணக்கு. இரண்டு தடவை கூட்டினேன், இரண்டு விடை வந்தது.

டிசம்பர் 10, ஞாயிறு

போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். காலையிலேயே மயில்சாமி அண்ணாவிடமிருந்து செய்தி வந்தது. வார்த்தை எதுவும் இல்லை, ஒரு இணைப்பு மட்டும். அவருடைய பழைய கட்டுரை. அழிக்கவில்லை. அதன் தலையில் புதிதாகச் சில வரிகள் சேர்த்திருந்தார்:

'கீழே இருப்பது முழுக்கத் தவறு. பெயரில்லாத சுவர் என்று ஒன்று கிடையாது. அதைக் கண்டுபிடித்தவர் திருப்பூர் கோகிலவாணி. சட்டைப் பட்டனை வைத்து.'

அதற்குள் முப்பது பேர் பதில் எழுதியிருந்தார்கள். பாதிப் பேர் நம்பவில்லை. ஒருவர் என்னை 'ஐயா' என்று அழைத்திருந்தார்.

ஷெட்டில் அவர் என் சுவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு வாரமா யோசிச்சேன். அவங்க கையில ஒரே ஒரு சுவத்துக்குத்தான் மரம் இருந்திருக்குது. அதை வெச்சு ஒரு முழுக் கப்பலைக் காட்டி நம்மள நாப்பது வருசம் ஏமாத்தியிருக்கறாங்க. துரோகி கதையை விட இது நல்லாருக்குது." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "ஆனா சுவரு உன்றது. வெக்கறதும் கழட்டறதும் நீ சொல்றதுதான். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ரஃபீக் எதையோ தேடுவதுபோல வயர் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார். டீச்சர் காத்திருந்தார்.

சுவரைப் பார்த்தேன். குழாய்களின் வளைவு ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். எந்த ஸ்க்ரூவுக்கு இரண்டாவது தடவை துளை போட்டேன் என்று தெரியும். அளவில் ஒரு தவறும் இல்லை. நான் இதுவரை செய்ததிலேயே நல்ல வேலை அது. அது இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது.

"கழட்டிரலாமுங்ணா" என்றேன். குரல் சரியாக வரவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை ஷெட் முழுக்கக் கேட்டது.

முதல் ஸ்க்ரூவை நான்தான் கழற்றினேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

வலது பக்கம் திறந்து கிடக்கிறது. பார்க்கப் பல் விழுந்த வாய் போல இருந்தது. மறைக்கத் திரை போடலாம் என்றார் ரஃபீக்.

எனக்கு வேறு ஒன்று தோன்றியது. முன்பென்றால் டீச்சரின் காதில் சொல்லி அவரைச் சொல்ல வைத்திருப்பேன். இன்று நானே சொன்னேன். சுவரை அளந்த அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் காமிரா எங்கே நின்றது என்று கண்டுபிடிக்கலாம். எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று. அங்கே பார்க்க வருகிறவர்களை நிறுத்தலாம். அந்த இடத்தில் நின்றால் படத்தில் தெரிந்த கௌதாரி அப்படியே தெரியும். உள்ளே புகுந்து பார்த்தால் வெறும் பிளைவுட்.

நான் பேசி முடித்ததும் ரஃபீக், "அக்கா இத்தன பேசுமா?" என்று டீச்சரிடம் கேட்டார். ரஃபீக் என்னைவிட மூன்று வயது பெரியவர்.

காமிரா தரையிலிருந்து கொஞ்சம் உயரத்தில் இருந்திருக்கிறது. அதனால் அங்கே ஒரு மேடை வேண்டும். மேடைக்கு பிளைவுட் வேண்டும். நால்வரும் ஒரே சமயத்தில் ஷெட் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த என் சுவரைப் பார்த்தோம்.

டிசம்பர் 24, ஞாயிறு

ஜெசிந்தா டீச்சர் கிறிஸ்துமஸ் வேலையாக வரவில்லை. கேக் கொடுத்தனுப்பினார். மேடைக்குச் சட்டம் அடித்தோம். அதன்மேல் என் சுவரை, பெயர்ப்பலகைகள் இருந்த பக்கம் கீழே வரும்படி படுக்கப் போட்டோம். பின்பக்கத்துப் பொட்டு மேலே வந்துவிட்டது. மிதிபடுமே என்று மயில்சாமி அண்ணா துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தார்.

டிசம்பர் 31, ஞாயிறு

ரஃபீக் எல்லா விளக்கையும் ஒரே சுவிட்சில் போட்டார். நான் மேடைமேல் நின்றேன்.

எழுத வரவில்லை. நாளைக்குப் பார்க்கலாம்.

ஜனவரி 7, ஞாயிறு

தொண்டை கட்டிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கே சென்னைக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஒரு பக்கம் ஏன் திறந்திருக்கிறது என்று எல்லாரும் கேட்பார்கள், அதை நீதான் சொல்ல வேண்டும் என்று மயில்சாமி அண்ணா என்னை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார். கல்லூரியில் மூன்று வருடமும் ஒரு கேள்விகூடக் கேட்காதவள் நான். முதல் கூட்டத்துக்குச் சொல்லும்போது காகிதத்தைப் பார்த்தேன். பிறகு காகிதம் எங்கே போனது என்று தெரியவில்லை. பட்டி எந்தப் பக்கம் என்று சொன்னதும் ஆண்கள் எல்லாரும் குனிந்து தங்கள் சட்டையைப் பார்த்தார்கள். ஒவ்வொரு கூட்டமும் பார்த்தது. நாகர்கோவில் குடும்பத்தின் அம்மா, "இவ்வளவு நாளா இவரு சட்டைய நாந்தான் அயர்ன் பண்ணுதேன், கவனிச்சதே இல்ல கேட்டியளா" என்றார்.

நம்பாமல் எழுதிய ஒருவர் வந்திருந்தார். ஏறி நின்று பார்த்தார், இறங்கினார், மறுபடி வரிசையில் போய் நின்றார்.

நான்கு மணி வாக்கில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். கண்காட்சி என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கல்யாணத்துக்குப் போடுவது. நான் ஒரு கூட்டத்துக்குப் பேசிக்கொண்டிருந்தேன். அவர்கள் பின்னால் நின்று கடைசிவரை கேட்டதை நான் கவனிக்கவில்லை.

"இந்தப் பேச்சு பேசுது, ஊட்ல வாயே தொறக்காது" என்றார் அம்மா பக்கத்திலிருந்த யாரிடமோ. பிறகு கௌதாரியை மேலும் கீழும் பார்த்தார். "ஜன்னல் இல்லாம உள்ள எப்படிக் கண்ணு இருப்பாங்க? வேகாதா?"

ரஃபீக், "அதுக்குத்தானுங்மா ஒரு பக்கம் தொறந்து உட்டிருக்குது" என்றார்.

அப்பா மேடைமேல் ஏறினார். நான் விளக்கம் சொல்லவில்லை. அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, விளக்குகளையும் நாற்காலியையும் காற்று, வெப்பம், திசை என்ற எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

"நல்லாருக்குது" என்றார். "இங்கிருந்து பாத்தாத்தான் எல்லாமே சேந்து தெரியுது." என் பக்கம் திரும்பிக் கேட்டார். "இதுல நீ செஞ்சது எது கண்ணு?"

எதிரே இருந்த எதிலும் என் பங்கு என்று சொல்ல அதிகம் இல்லை, தேய்த்ததைத் தவிர.

"நீங்க நின்னுட்டு இருக்கறதுதானுங்ப்பா" என்றேன்.

அவர் கீழே பார்த்தார். பிளைவுட்டைப் பார்த்தார், இணைப்புகளைப் பார்த்தார். மேடையை விட்டு இறங்கினார். பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மறுபடி ஏறி, முன்பு நின்ற அதே இடத்தில் நின்றார்.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அதுதான் இங்கே முறை என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் பின் ஒருவராகக் கழற்றினார்கள். சென்னைக்காரர்கள் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் மேடையைச் சுற்றிலும் செருப்பு. ரஃபீக் வந்து பார்த்துவிட்டு, "இனி டோக்கன் போட்டாத்தான் ஆகும்" என்று சொல்லிக்கொண்டே ஜோடி சேர்த்து அடுக்க ஆரம்பித்தார். வேண்டாம் என்று யாரிடமும் நான் சொல்லவில்லை.